துரை லென்ஸில் எடுத்த கல்யாணம்

எங்கள் வேன் அக்கா யாரையும் பார்த்து "சிரிங்க" என்று சொன்னதில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கேமராவும் கையுமாகத் திரிந்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. "இங்க பாருங்க", "கொஞ்சம் தள்ளி நில்லுங்க", "இன்னொரு தடவை பண்ணுங்க", இதெல்லாமும் கிடையாது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். நமக்குத்தான் கால் கடுக்கும்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் ஜொகூரிலிருந்து போன் போட்டு, "உனக்கு வேற வேலை இல்லையாலா?" என்று கேட்பார். வேனை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட் பக்கம் இன்றைக்கும் வேன் அக்கா என்றால் போதும், அம்மாவுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளைக் காலையில் தானா ராத்தா பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மத்தியானம் பள்ளி விடும்வரை என் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். நான் மாடியில் சின்னதாக ஓர் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண் அலங்காரமும் உண்டு. என் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது, அவர் வாய் லேசில் திறக்காது. அதனால்தானோ என்னவோ எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

வேன் ஓட்டுவதிலும் அதே குணம்தான். ஹாரன் அடிக்கமாட்டார். எந்தப் பிள்ளையாவது இன்னும் வீட்டைவிட்டு வரவில்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் வழியும் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹாரன் அடித்தால் பிள்ளை சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருமாம். இந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே அவர் வீட்டிலிருந்து முன்னாடி கிளம்பிவிடுவார். அந்த வேன் பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போனதாக யாரும் சொன்னதில்லை.

கேமரா அவருக்குச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் கொடுத்தது. அவன் புதிதாக ஒன்று வாங்கிவிட்டு, பழையதை லென்ஸ் இல்லாமல் வெறும் உடம்பாக அத்தை கையில் திணித்துவிட்டுப் போனான். பழையது என்றால் என்ன, நல்ல டிஜிட்டல் கேமராதான். ஆனால் லென்ஸ் இல்லாத கேமரா கண்ணில்லாத ஆள். அதற்குப் புது லென்ஸ் வாங்கவேண்டுமென்றால் வேனை விற்கவேண்டும். அக்கா ஈப்போவுக்குப் போனபோது ஒரு சீனர் கடையில் பழைய சாமான்களோடு சாமானாக, பிலிம் காலத்து லென்ஸ்கள் தட்டில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். மூன்றைப் பொறுக்கிக்கொண்டு, அவற்றை இந்தக் கேமராவில் மாட்டுவதற்கு நடுவில் போடும் இரும்பு வளையத்தையும் வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டார்.

மாட்டிய அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். கேமரா வேலை செய்யமாட்டேன் என்றது. திரையில், லென்ஸ் பொருத்தப்படவில்லை என்று எழுதிக் காட்டியது. கழற்றி மாட்டினாலும் அதே பல்லவி. அக்கா அதை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, "இருக்குடா, உனக்குத்தான் தெரியல" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அண்ணன் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டு, உள்ளே எங்கோ ஒரு அமைப்பை மாற்றிய பிறகுதான் அது வழிக்கு வந்தது.

இந்தப் பழைய லென்ஸ்களில் எதுவும் தானாக நடக்காது. புதுக் கேமராக்கள் முகத்தைக் கண்டவுடன் கட்டம் போட்டுத் தெளிவாக்கிவிடும். இதில் லென்ஸின் கழுத்திலிருக்கும் வளையத்தைக் கையால் திருகித் திருகித்தான் முகத்தைத் தெளிவுக்குக் கொண்டுவரவேண்டும். கொஞ்சம் கூடினால் காது தெளியும், கொஞ்சம் குறைந்தால் மூக்கு தெளியும், கண் போய்விடும். தெளிவாக இருக்கும் இடத்தைத் திரையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதி அந்தக் கேமராவில் இருந்தது. அக்கா அதை அணைத்து வைத்திருந்தார். அந்தக் கோடு அவசரக்காரர்களுக்கானதாம். இவர் திரையில் கண்ணை மட்டும் பெரிதாக்கி, இமை மயிர் தனித்தனியாகத் தெரியும்வரை வளையத்தை அரக்கிக்கொண்டே இருப்பார். அக்கா படம் என்றால் தெளிவு, தெளிவு என்றால் அக்கா படம். லயத்தில் அப்படித்தான் பேர்.

மூன்று லென்ஸுக்கும் பெயர் வைத்திருந்தார். நடுத்தரமான ஒன்று கிராணி. எஸ்டேட் ஆபீஸ் கிராணி மாதிரி எதையும் விடாது, முகத்தில் ஒரு பரு இருந்தாலும் கணக்கில் எழுதிவிடும். நீளமானது கங்காணி. தூரத்தில் நின்றே ஆளைக் கண்காணிக்கும். மூன்றாவதில் உள்ளே கண்ணாடிமேல் பூஞ்சை பிடித்து, எந்தத் துணிக்கும் போகாத ஒரு மங்கல் படிந்திருந்தது. அதில் எடுத்தால் எல்லாரும் பனிக்குள் நிற்பதுபோல விழுவார்கள். பார்க்க என்னவோ அழகுதான், ஆனால் எதுவும் சரியாகத் தெரியாது. அதற்குத் துரை என்று பெயர்.

"ஏன்கா துரை?"

"பங்களாவுல இருந்து பாத்தா அவுங்களுக்கு நாம அப்படித்தான்லா தெரிவோம்."

லயத்துப் பெண்பிள்ளைகள் முகப்பரு காலத்தில், "எனக்குத் துரையப் போடுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள். போடமாட்டார். பரு போய்விடும், படம் இருக்கும், அப்புறம் யார் முகமென்று உனக்கே தெரியாது என்பார்.

எங்கள் மலையில் ஈரம் எதையும் விடாது. துவைத்த துணியே மூன்று நாளைக்குக் காயாமல் நாறும். லென்ஸுக்கு ஈரம்தான் எமன். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் அக்கா துணியைக் காயப்போடுகிறாரோ இல்லையோ, மூன்று லென்ஸையும் மூடி கழற்றிக் குட்டிச்சுவரில் வரிசையாக வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார். மழை மாதங்களில் அவற்றைப் பெட்டியோடு சரசம்மாவிடம் கொடுத்துவிடுவார். சரசம்மாவுக்கு எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. இலை காயும் இயந்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சூடு இளம்சூடாக வரும் ஒரு மூலையில் பெட்டியை வைத்துக்கொள்வார். அதனால் அக்கா கேமராவைக் கண்ணில் வைத்தால் பக்கத்தில் நிற்பவருக்குத் தேயிலை மணக்கும்.

சரசம்மாவைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவர்தான் வரப்போகிறார். அக்காவுக்கு ஒன்றிரண்டு வயது இளையவர். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். ஒரே மகள். புருஷன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். எல்லாருக்கும் லோரிக்கார அண்ணன். கோயில் கமிட்டியில் முன்னுக்கு நிற்பார், அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாகக் கோஸும் தக்காளியும் இறக்குவார், பஜனையில் அவர் குரல்தான் தூக்கலாகக் கேட்கும். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்தது. நானும்தான் வைத்திருந்தேன்.

அக்காவின் பொறுமையில் நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். கடைப் பலகையில் போடுவதற்கு என் படம் ஒன்று எடுக்கச் சொன்னேன். பட்டுப்புடவை, நகை, கொண்டை, எல்லாம் போட்டு ராணி மாதிரி உட்கார்ந்தேன். அக்கா வளையத்தைத் திருகிக்கொண்டு நின்றார். சிரித்தேன், எடுக்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தேன், எடுக்கவில்லை. "வரும், பொறு" என்றார். என்ன எழவு வரும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் ஒரு வாடிக்கைக்காரி புருவம் திருத்த வந்துவிட்டாள். போங்கக்கா நீங்களும் உங்க படமும் என்று நூலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். அப்போதுதான் டிக்கென்றது. படத்தில் நான் பல்லிடுக்கில் நூலோடு, கண்ணைக் கொட்டாமல், சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பிறகு கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இதைப் போடுங்கள், வேலை சுத்தமான ஆள் என்று தெரிகிறது என்றார். போட்டேன். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் படியேறி வந்தோம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். இன்றைக்கும் அந்தப் படம்தான் தொங்குகிறது.

அதற்காக அவர் குறி தப்பாதவர் என்று எழுதினால் அது பொய். கையால் திருகும் லென்ஸ் கல்யாணத்துக்கு ஆகாத லென்ஸ். பிரிஞ்சாங்கில் ஒரு கல்யாணத்தில், மேளம் கொட்டி, மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோகும் நேரத்தில் யாரோ ஒரு சித்தப்பா குறுக்கே பாய, அக்கா நகர்ந்து மறுபடி தெளிவைத் தேடுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. தாலி கட்டும் படமே இல்லை. பெண்வீட்டார் மாப்பிள்ளையைத் தாலியை இன்னொரு தடவை கையில் பிடிக்கச் சொல்லி, இப்போது எடுங்கள் என்றார்கள். ஈப்போ பையன்களெல்லாம் அப்படித்தான் எடுக்கிறார்கள். அக்கா கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

"தாலிய யாராச்சும் ரெண்டு தடவ கட்டுவாங்களா?"

அன்றைக்கு அவர் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கே அவர்மேல் கோபம்தான். பிடிக்கச் சொல்லி எடுத்துத் தொலைத்தால் என்னவாம்? ஆனால் அதே கல்யாணத்தில், முடிச்சுப் போட்டு முடித்த மாப்பிள்ளை நடுங்கும் விரல்களை யாரும் பார்க்காமல் வேட்டியில் துடைத்துக்கொள்வதை எடுத்திருந்தார். அந்தப் பெண் ஆல்பத்தில் அந்தப் படத்தைத்தான் முதலில் எல்லாருக்கும் காட்டுகிறாள்.

இனி சரசம்மா மகள் கல்யாணம்.

மாப்பிள்ளை ஈப்போ. எஸ்டேட் கோயில் மண்டபத்தில் காலை முகூர்த்தம். அலங்காரம் நான், படம் அக்கா. பெண்ணை முடித்து அனுப்பிவிட்டுப் பெட்டியை மூடப்போகும்போது சரசம்மா அறைக்குள் வந்தார். முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தார். எனக்கும் கொஞ்சம் பூசிவிடு என்றார். இதுவரை பவுடருக்கு மேல் எதையும் முகத்தில் போட்டறியாத மனுஷி. முந்தானையை விலக்கினேன். இடது கண்ணுக்குக் கீழிருந்து கன்னம்வரை கறுநீலமாக ரத்தம் கட்டியிருந்தது.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். நான் எத்தனை முகம் பார்க்கிறவள், விழுந்த காயத்துக்கும் கை பட்ட காயத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? "அண்ணனா?" என்றேன். முந்தானையை மறுபடி இழுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடக்கூடாது, இன்றைக்கு ஒருநாள் போய்விட்டால் போதும், மகள் நல்லபடியாகக் கரையேறிவிடுவாள் என்று மட்டும் சொன்னார். இத்தனை வருடமாக அந்த ஆளை அண்ணன், அண்ணன் என்று கூப்பிட்ட வாயைக் கழுவவேண்டும் போலிருந்தது.

நீலம் பாய்ந்த காயத்தை மறைக்க முதலில் ஆரஞ்சு நிறம் தடவவேண்டும். டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது அக்கா உள்ளே வந்தார். சரசம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மாலை வந்துவிட்டதா என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். மாலை வந்து எப்போதோ ஆகிவிட்டது, அது அவருக்கும் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனேன். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வந்தபோது சரசம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா கேமராவிலிருந்து கிராணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிவிட்டுப் பெட்டியிலிருந்து துரையை எடுத்து மாட்டினார்.

"கல்யாணத்துக்கா துரை? என்னக்கா இது?"

"இன்னைக்கி இதுதான். நீ பூசு."

பூசினேன். என் தொழிலில் நிறத்தை மறைக்கலாம், வீக்கத்தை மறைக்க முடியாது. நேரில் பார்க்கிறவர்களுக்கு, அழுத முகம், தூங்காத முகம், பெண்ணைப் பெற்றவள் முகம் என்று போய்விடும். போன் படங்களைப் பற்றியும் கவலையில்லை, அதில் எல்லாருமே மாவில் புரட்டியெடுத்த மாதிரிதான் விழுவார்கள். ஆனால் அக்காவின் கிராணியில் விழுந்தால் அவ்வளவுதான். பெரிய ஆல்பத்தில், பக்கத்துக்குப் பக்கம், சம்பந்தி வீட்டு வரவேற்பறையில் அது காலத்துக்கும் இருக்கும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆல்பம் வந்தது. முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒரே மங்கல். பெண், மாப்பிள்ளை, ஐயர், குத்துவிளக்கு, பந்தியில் சாம்பார் வாளி, எல்லாமே பனிக்குள் இருந்தன. மலையில் பனி சரி, மண்டபத்துக்குள்ளுமா பனி என்று ஈப்போ சம்பந்தி கேட்டுச் சிரித்தாராம். பெண் அழுதாள். வேன் அக்காவுக்குக் கண் போய்விட்டது, இனி அவரை நம்பி எதுவும் கொடுக்க முடியாது என்று லயம் முழுக்கப் பேச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், பூசை முடிந்து ஆட்கள் நிற்கும்போது, அந்த லோரிக்காரன் ஆல்பத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். இனி அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரே மகள் கல்யாணத்தை நாசம் பண்ணிவிட்டாயே, உன் ஓட்டைக் கண்ணாடிக்கு என் வீட்டு விசேஷம்தான் கிடைத்ததா என்று கூட்டத்தின் நடுவே கத்தினான். பெற்றவன் வயிறு எப்படி எரியும் தெரியுமா என்று மார்பில் அடித்துக்கொண்டான். ஆட்கள் அவனுக்காக உச்சுக்கொட்டினார்கள். சரசம்மா கோயில் தூணோடு தூணாக நின்றார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க. என் தப்புதான்" என்றார்.

என் நாக்கு துடித்தது. அக்கா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது இன்றைக்கும் நெஞ்சில் கல் மாதிரி கனக்கிறது, ஆனால் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

மறுநாள் கடைக்கு வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் பேரை ஏன் இப்படிக் கெடுத்துக்கொள்கிறீர்கள், சரசம்மா இருக்கும் படத்துக்கு மட்டும் துரையைப் போட்டுவிட்டு மற்றதை ஒழுங்காக எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அக்கா ஒரு ரோத்தி சானாயைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கடைசித் துண்டையும் தின்று முடித்தார்.

"ஒரு முகம் மட்டும் மங்கலா இருந்தா எல்லாரும் அந்த முகத்தத்தான் உத்துப் பாப்பாங்க. எல்லாமே மங்கலா இருந்தா என்னையத் திட்டுவாங்க. அவ்வளவுதானேலா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அப்படியானால் அவனைச் சும்மா விட்டுவிடுவதா, நாமே போய் ரிப்போர்ட் பண்ணினால் என்ன, இன்னும் எத்தனை நாளைக்கு அந்த மனுஷி அடி வாங்கிச் சாவது என்று கத்தினேன்.

"நாம சொல்லலாம். போலீஸ் வந்து கேட்டா சரசு இல்லேன்னுடுவா. அப்புறம் அவ வாயத் தொறக்கவே மாட்டா. அவதான் சொல்லணும்." கை கழுவிவிட்டு வந்து, "அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். வேணும்ங்கிறப்ப என்கிட்ட வருவா" என்றார்.

என்னத்தைச் சொன்னார் என்று கேட்டேன், வேன் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கல்யாண ஆர்டர்கள் நின்றுபோயின. நான் அலங்காரத்துக்குப் போகும் இடங்களில் ஈப்போ பையன்கள் பெரிய பெரிய லென்ஸோடு நின்று, "அங்கிள், சிரிங்க, ஆன்ட்டி, இங்க பாருங்க" என்று உயிரை வாங்கினார்கள். அக்கா பிள்ளைகளை ஏற்றினார், இறக்கினார். வெயில் வந்தால் லென்ஸைக் காயவைத்தார். ஓய்ந்த நேரத்தில் கியா பார்ம் காய்கறிக் கடைகளில் போய் நின்று முட்டைக்கோஸையும் நேப்பாளத்துப் பையன்களையும் எடுத்தார். குறைப்பட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் வாயில் விழுந்து இப்படி அசையாமல் இருந்த இன்னோர் ஆளை நான் பார்த்ததில்லை.

அப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் பள்ளி விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சரசம்மா என் கடைப் படியேறி வந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அக்காவுக்கு நேரே போய் நின்றார்.

"மகளுக்கு மாசம் ஆயிடுச்சுக்கா. தலப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வரணும்னு சம்பந்தி கேட்டுட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த வீட்டுக்கு அவள எப்படிக்கா கூட்டியாருவேன்? அன்னைக்கி ரூம்ல எடுத்தீங்களே, தெளிவா ஒண்ணு. அது இருக்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என்னை மாலை பார்க்க அனுப்பிவிட்டுச் சாத்திய கதவுக்குள் என்ன நடந்ததென்று. துரையை மாட்டுவதற்கு முன்னால், என் கை படாத அந்த முகத்தைக் கிராணியில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார்.

அக்கா எழுந்தார். கேமராப் பையின் உள்ளறையிலிருந்து ஒரு சின்ன மெமரி கார்டை எடுத்துக் கேமராவில் போட்டார். திரையைத் தான் பார்க்கவில்லை. அப்படியே சரசம்மாவிடம் நீட்டினார். சரசம்மா பார்த்தார். நானும் எட்டிப்பார்த்தேன். ஒவ்வோர் இமை மயிரும் தெரிந்தது. கன்னத்தில் விரல் தடம் நாலும் தெரிந்தது.

பள்ளி மணி அடிக்கும் நேரம். முதலில் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்து ஸ்டேஷனுக்குப் போகலாமா, இல்லை இப்போதே போகலாமா என்று அக்கா கேட்டார். இப்போதே என்றார் சரசம்மா. வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடுமாம்.

கடையைப் பூட்டிக்கொண்டு நானும் ஏறிக்கொண்டேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று. தாய்மார்களுக்கெல்லாம் நான்தான் போன் போட்டு, டயர் பஞ்சர், கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னேன். பொய்தான், நல்ல பொய். மழை தூறியதால் பிள்ளைகளை வேனில் விடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனோம். நீல வெள்ளைச் சீருடையோடு, மடியில் பையோடு, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

முகப்பில் இருந்தது ஒரு மலாய்க்காரப் பெண். வயது அதிகமிருக்காது. சரசம்மா உட்காருவதற்கு நாற்காலி போட்டாள். கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள், மேலும் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்கத் தெளிவு குறையவே இல்லை. யார் எடுத்தது என்று கேட்டாள். அக்கா கையைத் தூக்கினார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, சரசம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். எழுதி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஆள் கூட வரும் என்றாள். பிறகு, இதைச் செய்தது யார் என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள்.

"மகளோட அப்பா" என்றார் சரசம்மா.

பெயர்?

சரசம்மா வாயைத் திறந்தார். வரவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள், அதுவும் அவர் வயதுக்காரர்கள், புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட ஐயரிடம் மகள்தான் சொல்வாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் நாக்கில் அந்தப் பெயர் ஏறியதில்லை. "அவுங்க" என்றார். "எங்க வீட்டுல" என்றார். தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

எனக்குப் பெயர் தெரியும். வாய்வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவருக்கும் தெரியும், அவரும் சொல்லவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சரசம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் யாரும் அசையவில்லை. வெளியே மழை வலுத்தது. அந்தப் போலீஸ் பெண்ணும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சரசம்மா தாலிக்கயிற்றை விட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், இன்னாருடைய மகன் என்பதற்கு மலாயில் எழுதும் அனாக் லெலாக்கி போட்டு அவன் அப்பன் பெயரையும் சேர்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எப்படி எழுதுவது என்று அந்தப் பெண் கேட்டாள். சரசம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.